பொதுக் கணினியில் யாருடைய கணக்கு?

ஜெராக்ஸ் கடையும் இணைய விண்ணப்பக் கடையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஊர்கள் பெரம்பலூரும் அரியலூரும். வேப்பந்தட்டையிலிருந்தோ செந்துறையிலிருந்தோ வரும் ஒருவர், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, டிஎன்பிஎஸ்சி பதிவு, கலைக் கல்லூரி விண்ணப்பம் என்று எதற்காக வந்தாலும் உட்காருவது அந்தக் கடைக் கணினியின் முன்னால்தான். கணினியின் தொடக்கத் திரையில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும்: அட்மின் என்றோ, கடையின் பெயரோ. பாஸ்வேர்டு இருக்காது. இருந்தாலும் கடையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அது மனப்பாடம். நாள் முழுக்க வந்துபோகும் அத்தனை பேரும் இயங்குதளத்தின் கண்ணுக்கு ஒரே ஆள்.

இதற்குக் கடைக்காரரைத் திட்டுவது சுலபம். நான் குற்றம் சுமத்த நினைப்பது இயங்குதளத்தைச் செய்தவர்கள் மீது. ஒரு கணினியைப் பல பேர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால்தான் பயனர் கணக்கு என்ற ஏற்பாடே பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில், விலையுயர்ந்த ஒரே இயந்திரத்தைப் பலர் தனித்தனி முனையங்களிலிருந்து பயன்படுத்தினார்கள். அவரவர் கோப்புகளைப் பிரித்து வைக்கத்தான் அங்கே பாஸ்வேர்டு வந்தது. 1966இல் ஒருநாள், இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்த தற்காலிகக் கோப்புகள் கலந்துபோய், வரவேற்புச் செய்தி வரவேண்டிய இடத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டும் எல்லோருடைய திரையிலும் ஓடியது. பிறந்த சில வருடங்களிலேயே சந்தி சிரித்த ஏற்பாடுதான் இது. ஆனாலும் அதன் நோக்கம் தெளிவாக இருந்தது: இயந்திரம் குறைவு, ஆட்கள் அதிகம், ஒருவர் வேலையை இன்னொருவர் கெடுக்கக் கூடாது. அறுபது வருடத்துக்கு முந்தைய எம்ஐடியின் அந்த நிலைமைதான் இன்றைய செந்துறையின் நிலைமை. ஆகவே விண்டோஸையும் லினக்ஸையும் இங்கே வைத்து எடைபோடுவதுதான் நியாயம். கலிஃபோர்னியாவில் ஆளுக்கொரு மடிக்கணினி வைத்திருப்பவரின் மேசையில் வைத்து எடைபோட்டால் இரண்டுமே தேறிவிடும்.

என் அளவுகோல் எளிது. அடுத்தவர் என் பொருளைப் பார்க்க முடியாமல் இருக்கிறதா? நான் எழுந்து போன பிறகு என் தடயம் துடைக்கப்படுகிறதா? பாஸ்வேர்டு மறந்தால் வழி உண்டா? இணையம் இல்லாத நேரத்தில், மின்னஞ்சலே இல்லாத ஒருவர், தனக்கென ஓர் இடத்தை அந்தக் கணினியில் பிடித்துக்கொள்ள முடிகிறதா? கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

விண்டோஸ் 95, 98 காலத்து லாகின் பெட்டியை நினைவிருப்பவர்கள் இருப்பார்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் எஸ்கேப் விசையைத் தட்டினால் போதும், உள்ளே போய்விடலாம். அதைப் பூட்டு என்று சொல்வதே தகாது. 1993இல் வெளிவந்த என்டி வரிசையில்தான் மைக்ரோசாஃப்ட் பயனர் கணக்கை ஒழுங்காகச் செய்தது. 2001இல் எக்ஸ்பி அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கோப்புறை. அதனுள் என்டியூசர்.டாட் என்ற கோப்பு. ரெஜிஸ்ட்ரியில் அந்த ஆளுக்குரிய அமைப்புகள், அதாவது பின்னணிப் படம், விசைப்பலகை, மொழி, நிரல்களின் விருப்பங்கள் எல்லாம் அதில். லாகின் செய்யும்போது அந்தக் கோப்பு ஏற்றப்படுகிறது, வெளியேறும்போது இறக்கப்படுகிறது. புதிய ஆள் முதன்முறை நுழைந்தால் 'டீஃபால்ட்' என்ற மாதிரிக் கோப்புறையை நகலெடுத்து அவருக்குக் கொடுக்கிறது. வடிவமைப்பு என்ற அளவில் இதில் பெரிய குறை இல்லை.

குறை வருவது அந்த ஒற்றைக் கோப்பு பழுதாகும்போது. கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால் அது நடக்கலாம். அடுத்த முறை நுழையும்போது கணக்கைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு தற்காலிக ப்ரொஃபைலைத் தரும். டெஸ்க்டாப் வெறுமையாக இருக்கும். அதில் உட்கார்ந்து அன்றைக்கு முழுக்க அடித்த கடிதமெல்லாம் வெளியேறியதும் அழிந்துபோகும். எச்சரிக்கை வராமல் இல்லை, ஒரு மூலையில் வருகிறது. அதைப் படிக்கும் அவகாசம் விண்ணப்பத்தின் கடைசி நாளில் எவருக்கும் கிடையாது. லினக்ஸில் பயனரின் அமைப்புகள் பெரும்பாலும் தனித்தனி உரைக்கோப்புகளாக வீட்டுக் கோப்புறையில் கிடக்கின்றன. ஒன்று கெட்டால் ஒரு நிரல்தான் கெடும், ஆள் தெருவுக்கு வரமாட்டார். இதைச் சொல்லிப் பெருமைப்படும் லினக்ஸ்காரர்கள், க்னோம் மேசைச்சூழல் தன் அமைப்புகளையெல்லாம் டிகான்ஃப் என்ற ஒரே பைனரிக் கோப்பில்தான் வைக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஆளை அடையாளம் காணும் விதத்திலும் இரண்டும் வேறுபடுகின்றன. கோப்பின் உரிமை பெயரில் இல்லை, எண்ணில் இருக்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு கணக்குக்கும் நீளமான ஓர் எண்ணைத் தருகிறது. அதை மறுபடி வேறு எவருக்கும் தராது. ஓர் உள்ளூர் உதாரணம்: பெரம்பலூரிலிருந்து 2001 ஜனவரியில் பிரிந்த அரியலூர் மாவட்டம் 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி பிறந்தது. ஜெயங்கொண்டத்துக்காரருக்கு இரண்டும் ஒரே அரியலூர்தான். விண்டோஸுக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. 'குமார்' என்ற கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் அவர் வேறு ஆள். பழைய குமாரின் கோப்புறையைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று கதவைச் சாத்தும். லினக்ஸ் நேர் எதிர்த் திசையில் தவறுகிறது. கடைசியாகச் சேர்த்த பயனரை நீக்கிவிட்டுப் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அதே எண் அவருக்குப் போகலாம். நீக்கப்பட்டவர் எங்காவது விட்டுச்சென்ற கோப்புகளெல்லாம் கேட்காமலே புதியவருக்குச் சொந்தமாகிவிடும். ஒவ்வொரு ஆண்டும் ஒரு வகுப்பு வெளியேறி இன்னொரு வகுப்பு உள்ளே வரும் பள்ளி ஆய்வகத்தில் இது ஏட்டளவிலான கவலை அல்ல. இந்த ஒரு விஷயத்தில் விண்டோஸின் பிடிவாதமே சரி.

தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்குத் தெரிந்த இன்னொரு தொல்லை உண்டு. விண்டோஸில் விசைப்பலகைத் தேர்வு ஒவ்வொரு கணக்குக்கும் தனி. ஒருவர் தமிழ்99 வைத்துக்கொள்ளலாம், இன்னொருவர் ஒலிபெயர்ப்பு முறையை. இது நல்லது. தொல்லை எழுத்துருவில் வந்தது. நெடுங்காலம் எழுத்துரு நிறுவினால் கணினி முழுமைக்கும் பொது, அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வலச்சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுத்தால் அது அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவப்படுகிறது. டிடிபி கடையில் ஒருவர் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவைத் தன் லாகினில் நிறுவி அழைப்பிதழ் செய்து வைத்திருப்பார். மாலையில் வேறொருவர் தன் லாகினில் அதைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். தீர்வாக எல்லோரும் பழையபடி ஒரே லாகினுக்குத் திரும்பிவிடுவார்கள். தனிக்கணக்கைத் தண்டனையாக மாற்றிவிடும் சின்னச் சின்ன முடிவுகளில் இது ஒன்று. யூனிகோடில் எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய எழுத்துருவில் வருடக்கணக்காகச் சேர்த்த மாதிரிகளை எந்த டிடிபி கடையும் ஒரே நாளில் தூக்கி எறியாது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நல்ல சோதனைக்களம். அரசு நிறுவனமான எல்காட் தொடக்கத்தில் வாங்கிக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. ஒரு மாணவருக்குக் கொடுத்ததுதான், ஆனால் பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. அதைத் தம்பியும் தொடுவான், அக்காவும் தொடுவாள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் சித்தப்பாவும் தொடுவார். அப்படிப்பட்ட வீட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த பதிப்பில் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. ஒருவர் வேலையை அப்படியே விட்டுவிட்டு இன்னொருவர் நுழையும் வசதியும் அதில் கிடையாது. ஒருவர் எல்லாவற்றையும் மூடி முழுமையாக வெளியேறினால்தான் அடுத்தவர் வரலாம். மலிவான கணினி வாங்குபவர் தனியாள் என்று எவரோ முடிவு செய்திருக்கிறார்கள். மலிவான கணினிதான் அதிகம் பேரால் பகிரப்படும் என்பது அரியலூரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

அதே இயந்திரத்தில் பாஸ் லினக்ஸ் இந்த வசதிகள் எதையும் காசுக்காகப் பிடுங்கி வைக்கவில்லை. எத்தனை கணக்கு வேண்டுமானாலும் தொடங்கலாம், தமிழ் இடைமுகமும் உண்டு. ஆனால் அருகருகே இருந்த இரண்டு இயங்குதளங்களும் ஒன்றையொன்று மதிக்கவில்லை. விண்டோஸுக்கு லினக்ஸ் பகுதி கண்ணுக்கே தெரியாது. லினக்ஸோ விண்டோஸ் பகுதியைத் திறந்து, அங்கே யார் யாருக்கு என்ன அனுமதி என்ற கணக்கையெல்லாம் பொருட்படுத்தாமல் அத்தனை கோப்புகளையும் காட்டும். அண்ணன் பாஸ்வேர்டு போட்டு மூடி வைத்ததைத் தம்பி லினக்ஸில் ஏறி நிதானமாகப் படிக்கலாம். வட்டு மறையாக்கம் இல்லாத இடத்தில் பயனர் கணக்கு தருவது ஒழுங்கு மட்டுமே, பாதுகாப்பு அல்ல. இந்த உண்மை இரண்டு தரப்புக்கும் பொருந்தும். லினக்ஸிலும் இயந்திரம் கையில் இருந்தால் மீட்பு முறையில் நுழைந்து எவர் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம்.  

லினக்ஸின் பக்கம் அதிகம் சாய்வதற்கு முன் அதன் பொறுப்பின்மையையும் சொல்லிவிட வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் விநியோகத்தில் ஒருவரின் வீட்டுக் கோப்புறையை அதே கணினியின் மற்றப் பயனர்கள் திறந்து படிக்க முடியும் என்பதே 2021 ஏப்ரலில் 21.04 பதிப்பு வரும்வரை இயல்பு அமைப்பாக இருந்தது. பகிர்ந்து வேலை செய்யும் ஆய்வாளர்களுக்கு அது வசதியாம். பெரம்பலூர் விடுதி அறையில் ஒரே கணினியைப் பகிரும் நான்கு பெண்களுக்கு அது வசதி அல்ல. விருந்தினர் அமர்வின் கதை இன்னும் வருத்தமானது. உபுண்டுவில் பல ஆண்டுகள் இருந்த அந்த வசதியில், பாஸ்வேர்டு இல்லாமல் எவரும் நுழையலாம். எழுந்து போனதும் அவர் செய்ததெல்லாம் துடைத்தெறியப்படும். பொதுக் கணினிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை எந்த இயங்குதளமும் செய்ததில்லை. 2017இல் அந்த அமர்வைச் சுற்றியிருந்த வேலி சரியாக வேலை செய்யவில்லை, விருந்தினர் மற்றவர் கோப்புகளை எட்டிப் பார்க்க முடிகிறது என்று தெரியவந்தது. வசதியையே முடக்கினார்கள். வேலியைச் சரிசெய்து திருப்பித் தந்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்கும் பயனர்கள் உருவாக்குநர்களின் பட்டியலில் எங்கோ கடைசியில் இருந்தார்கள்.

மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் 10இல் விருந்தினர் கணக்கை எடுத்துவிட்டது. பொதுக் கணினி என்ற ஒன்று உலகில் இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் அல்ல. 'ஷேர்டு பிசி' என்ற முறையை அவர்களே செய்திருக்கிறார்கள். வருபவருக்குத் தற்காலிகக் கணக்கு உருவாக்கி, போனதும் அழித்து, வட்டில் இடம் குறைந்தால் பழைய கணக்குகளைத் தானே நீக்கும் முறை அது. ஆனால் அது ப்ரோ, என்டர்ப்ரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் உண்டு. கடையில் விற்கும் சாதாரண மடிக்கணினியில் வரும் ஹோம் பதிப்பில் இல்லை. மருந்து தயாராக இருக்கிறது, அதிகம் தேவைப்படுகிறவருக்கு மட்டும் விற்பதில்லை. என் தீர்ப்பில் விண்டோஸுக்கு எதிராக அதிகம் கனப்பது இதுதான்.

அதற்கு அடுத்தபடியாகக் கனப்பது விண்டோஸ் 11இன் மின்னஞ்சல் நிபந்தனை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைவது ஒரு விருப்பம். 2021இல் விண்டோஸ் 11 ஹோமில் முதல்முறை அமைக்கும்போதே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம். கட்டளை அடித்துத் தப்பிக்கும் வழிகள் சில இருந்தன, அவற்றையும் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறார்கள். மின்னஞ்சலை வாரம் ஒருமுறைகூடத் திறக்காத குடும்பத்தில் என்ன நடக்கும்? விற்கிற கடைக்காரரே அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி அமைத்துக் கொடுத்துவிடுவார். அதன் பாஸ்வேர்டை எழுதி வைத்தால் அதிர்ஷ்டம். 2024இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் வட்டு மறையாக்கமும் தானாகவே இயங்குகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புக்குறி அந்த மின்னஞ்சல் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு வருடம் கழித்து மதர்போர்டு மாற்றும்போது நீலத்திரை வந்து 48 இலக்கத்தைக் கேட்கும். மாணவி எடுத்த பாடக்குறிப்பு, குடும்பப் புகைப்படம் எல்லாம் இருக்கும் வட்டின் சாவி, யாருக்கும் நினைவில்லாத ஒரு முகவரியில் இருக்கும். திருடனிடமிருந்து காப்பாற்றும் பூட்டு நல்லதுதான். சாவியை உரியவர் கையில் கொடுக்காமல் பூட்டுவதை நான் பாதுகாப்பு என்று ஏற்கமாட்டேன்.

மைக்ரோசாஃப்ட் பக்கத்து வாதமும் வெறும் வியாபாரம் அல்ல. பாஸ்வேர்டை மறந்தவருக்கு இணையக் கணக்கில் மீட்க வழி இருக்கிறது. உள்ளூர்க் கணக்கில் மறந்தால் பழுது பார்ப்பவர் பெரும்பாலும் ஃபார்மட் என்ற ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுப்பார். கணினி தொலைந்தால் ஒன்டிரைவில் கோப்பு மிஞ்சும், இலவசமாகத் தரும் 5 ஜிபி அளவுக்குள் இருந்தால். பெரம்பலூரில் படித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவருக்குப் புதிய கணினியில் பழைய அமைப்புகள் கூடவே வரும். லினக்ஸில் வீட்டுக் கோப்புறையைப் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போகலாம் என்பார்கள். 2020இல் சிஸ்டம்டி-ஹோம்டி என்ற முறை, ஆளையும் அவர் கோப்புறையையும் ஒன்றாக மறையாக்கி எடுத்துச் செல்லவே வந்தது. ஆனால் அதைச் சாதாரணப் பயனருக்கு எளிதாக்கி வெளியிட்ட விநியோகம் அரிது. வீட்டுக் கோப்புறையைப் பழைய பதிப்புள்ள கணினிக்குக் கொண்டுபோனால் ஃபயர்ஃபாக்ஸ் தன் ப்ரொஃபைலைத் திறக்கவே மறுக்கும். தனக்கென ஒரு கணினி, தனக்கென ஒரு மின்னஞ்சல் உள்ளவருக்கு விண்டோஸ் 11 தரும் வசதி உண்மையானது. மறுக்கவில்லை. அந்த வசதியை நுழைவுக் கட்டணமாக மாற்றியதைத்தான் எதிர்க்கிறேன்.

கடைக் கணினியில் உண்மையான ஆபத்து இயங்குதளத்தைவிட பிரௌசரில்தான் என்று ஒருவர் சொல்லலாம். பாதி சரி. குரோம் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டுகளைப் பூட்டும் சாவி, விண்டோஸில் லாகின் செய்திருக்கும் பயனரோடு கட்டப்பட்டது. லாகின் தனித்தனியாக இருந்தால் அது வலுவான பூட்டு. எல்லோரும் ஒரே லாகினில் இருந்தால் பூட்டு எல்லோருக்கும் திறக்கும். காலையில் வந்தவரின் டிஎன்பிஎஸ்சி கணக்கு, பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்ற கேள்விக்கு அவசரத்தில் ஆம் என்று தட்டியிருந்தால், மாலையில் வருபவருக்குத் தயாராகக் காத்திருக்கும். ஆக பிரௌசரின் பாதுகாப்பும் கடைசியில் இயங்குதளத்தின் கணக்கு மேல்தான் நிற்கிறது. செல்பேசி இதை மிஞ்சிவிட்டதா என்றால், ஆண்ட்ராய்டு 2014 முதல் செல்பேசியிலும் பல பயனர் வசதி வைத்திருக்கிறது. பல நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டே விற்கின்றன. அங்கும் அதே கதை.

இனி தீர்ப்பு. வடிவமைப்பில் லினக்ஸ் பின்பற்றும் யுனிக்ஸ் மரபு வெல்கிறது. கணக்கு என்பது அந்த இயந்திரத்துக்குள் முடிகிற விஷயம், வெளியே எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம், எத்தனை பேர் வந்தாலும் கட்டணமில்லை. பெரம்பலூர், அரியலூர் அரசுப் பள்ளி ஆய்வகங்களுக்கு அதுவே போதும். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலே விண்டோஸோடு உபுண்டுவையும் கற்பிக்கும் மாநிலத்தில் இது அந்நிய யோசனையும் அல்ல. மாணவருக்குப் பள்ளிக் கல்வித் துறை தரும் எமிஸ் எண் ஏற்கெனவே இருக்கிறது, அதையே ஆய்வகத்தின் லாகின் பெயராக்கலாம். நீக்கிய பயனரின் எண்ணை மறுபடி தராதபடி அமைப்பது நிர்வாகியின் கையில். விண்ணப்பக் கடைக்கு லினக்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். விரல்ரேகைக் கருவிக்கான மென்பொருளும் பழைய எழுத்துருக்களும் டாலி என்ற கணக்கு மென்பொருளும் விண்டோஸையே எதிர்பார்க்கின்றன. அங்கே விண்டோஸிலேயே கடைக்காரருக்கு ஒரு நிர்வாகிக் கணக்கு, வாடிக்கையாளருக்கு உரிமை குறைந்த ஒரு கணக்கு, அதில் பிரௌசரின் விருந்தினர் முறை மட்டும். முழுமையான தீர்வல்ல, இருப்பதில் மேலானது. வீட்டு மடிக்கணினியில் இரண்டும் ஏறக்குறைய சமம், விண்டோஸை உள்ளூர்க் கணக்கோடு அமைக்க முடிந்தால். முடியாவிட்டால் லினக்ஸே மேல். மைக்ரோசாஃப்ட் கணக்குதான் வழி என்றால், அது வீட்டுக்காரரின் சொந்த மின்னஞ்சலாக இருக்கட்டும். 48 இலக்கத்தை அச்செடுத்து ரேஷன் அட்டையோடு வைத்துவிட வேண்டும்.

இன்னொரு தரப்புக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும். லட்சக்கணக்கில் கணினி வாங்கும் அரசு ஒப்பந்தப்புள்ளியில் செயலி, நினைவகம், மின்கலம் எல்லாவற்றையும் வரி வரியாகக் கேட்கிறது. மின்னஞ்சல் இல்லாமல் கணக்கு தொடங்க முடிய வேண்டும், வெளியேறியதும் துடைத்துக்கொள்ளும் விருந்தினர் அமர்வு வேண்டும், மீட்புக்குறி வாங்குபவர் கையில் காகிதமாகத் தரப்பட வேண்டும் என்று மூன்று வரிகளையும் அதில் சேர்க்க முடியும். இந்தக் கடைகளும் வீடுகளும் தனித்தனியாகக் கேட்டால் எந்த நிறுவனமும் காது கொடுக்காது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.